முடிவுக் கட்டம்

"பிள்ளைங்களை எழுத விடுங்க சார்! கட்டம் கட்டமா நிரப்பினா கட்டுரை வந்துடுமா?"

பதினான்கு நாட்களுக்கு முன் மொழி ஆசிரியை அவனிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். கணினி அறையில் மழையில் நனைந்த சட்டையோடு நின்றிருந்தான். மாணவர்கள் கட்டுரையைத் திட்டமிட உதவும் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்தவன்.

"யாருக்கு எழுதறோம், என்ன சொல்லப் போறோம், ஏன்... இந்த மூணும் நிரம்பினாத்தான் முடிவுக் கட்டம் திறக்கும், டீச்சர்."

"அதுவரைக்கும்?"

"காத்திருக்கணும்."

அவன் கண்கள்... காத்திருந்தே பழகியவை போல. அதுதான் அவளுக்கு எரிச்சல். அன்று மாலையே 'வேண்டாம்' என்று கருத்தெழுதி, உறையை ஒட்டி, பள்ளி முதல்வரிடம் கொடுத்துவிட்டாள். முதல்வர் அவளுடைய அம்மா. இரண்டு வாரச் சோதனையின் கடைசி நாள் நான்கு மணிக்கு உறை பிரிக்கப்படும். அதோடு அவன் போய்விடுவான்.

இன்று கடைசி நாள். மணி மூன்று ஐம்பது.

மூன்று வரியைத் தாண்டாத கடைசி பெஞ்சுப் பெண், கட்டங்களை இழுத்து இழுத்து மாற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். 'பார்த்தீங்களா' என்று அவன் கேட்கவில்லை. சிரிக்கக்கூட இல்லை. ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினான்.

ஆசிரியை முதல்வர் அறைக்கு ஓடினாள்.

"அம்மா, அந்த உறையைக் குடு!"

"ஸ்கூல்ல நான் மேடம்."

"மேடம்... நான் எழுதினது தப்பு."

அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "இதை உன் வாயால கேக்க இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. மென்பொருள் அவ்வளவு நல்லா இருக்கா?"

உறையும் ஒரு வெள்ளைத்தாளும் மேசைமேல் நகர்ந்து வந்தன.

புதுக் கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய உறையோடு கணினி அறைக்குத் திரும்பியபோது, அவன் தோளில் பையோடு வாசலில் நின்றான். ஒரு கணினி மட்டும் இன்னும் அணையவில்லை. அவள் அதன்முன் அமர்ந்தாள்.

யாருக்கு? 'முதல் நாள் நனைந்து வந்தவருக்கு.'

என்ன? 'போக வேண்டாம்.'

ஏன்?

விரல்கள் நின்றன. மழை ஜன்னலில் அடித்தது. அவன் பின்னால் வந்து நின்று காத்திருந்தான். நெடுநேரம்...

'எனக்காக இப்படி யாரும் காத்திருந்ததில்லை.'

முடிவுக் கட்டம் திறந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"முதல் நாளே அவசரப்பட்டு 'வேண்டாம்'னு முடிவு எழுதினவ நான்." உறையைக் கிழித்தாள். "இந்தத் தடவை நீங்க எழுதுங்க."

அவன் பையை இறக்கி வைத்தான்.

"நானும் முதல் நாளே எழுதிட்டேன், டீச்சர்... 'வேணும்'னு."