உமியில் நான்கு கோடு

"கோழிக் கொட்டகைச் சாவியக் குடுங்க."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பூவாயி காலையிலிருந்து மகளைக் கெஞ்சியிருந்தாள். "ரைட்டர் கோவிச்சுக்கிட்டா எஸ்டேட்டு லைன் ஊட்ட இன்னைக்கே காலி பண்ணோணும் சாமி." சரஸ்வதி கேட்டுவிட்டாள். சேலத்தில் பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மலையேறி வந்தவளிடம், கோழிக் கொட்டகை கூட்டும் அப்பா மூன்று நாளைக்கு முன் பஸ் ஏறிப் போய்விட்டதாகக் காபி எஸ்டேட்டே ஒரே வாக்கியத்தைச் சொன்னது. ஒரு சொல்கூட மாறவில்லை.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வேலுசாமி சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், எடுத்துக் கொடுத்தார். "போய்ப் பாத்துக்க கண்ணு. படிச்ச புள்ளைக்குக் கண்ணால பாத்தாத்தான ஆகும். வரும்போது பூட்டிட்டு வா." அவர் கொட்டகைப் பக்கம் வரவில்லை, காபி மூட்டைக் கிட்டங்கி வாசலிலேயே நின்றுவிட்டார். மூன்று நாளாகத் தீனியைக்கூட வலைக்கு வெளியே நின்றுதான் வீசுகிறார்கள்.

கதவைத் தள்ளும்போதே மூச்சை அடக்கிக்கொண்டாள், சிறுவயதுப் பழக்கம். அப்பா அங்கப்பனின் சட்டையில், தலைமயிரில், அவர் பிசைந்து ஊட்டிய சோற்றில்கூட இருந்த நெடி அது. ஒருநாள் கிளறாவிட்டால் எச்சம் ஈரம் கட்டி உமியோடு அடையாகிவிடும், கண்ணில் நீர் வரும். மூன்று நாள் என்றால் உள்ளே நிற்கவே முடியாது.

மூச்சை விட்டாள். இழுத்தாள். நெடி இல்லை.

தரை முழுக்க உமி காய்ந்து பொலபொலவென்று கிடந்தது, ஓரமெல்லாம் கிளறி, மூலையெல்லாம் சுண்ணாம்பு தூவி. இருநூறு கோழிகளும் உத்தரத்துக் கழிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. தகரத்தில் பனி சொட்டும் ஓசை மட்டும்.

உமியில் கோடுகள். நான்கு நான்காக.

அப்பாவின் முள்வாரிக்கு ஆறு பல். அதுவும் இப்போது வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, ரைட்டரே கொடுத்தனுப்பியது.

கோடுகளின் வழியே நடந்தாள். எல்லாம் கோடியிலிருந்த எச்சக்குழியில் தொடங்கி, அங்கேயே திரும்பிப்போயின. ஆளுயரக் குழி. அள்ள இறங்குமுன் அப்பா கயிற்றில் லாந்தரைக் கட்டி உள்ளே விடுவார். விளக்கு அணைந்தால் உள்ளே விஷக்காற்று, அன்றைக்கு இறங்கமாட்டார். லாந்தர் ஆணியிலேயே தொங்கியது, கயிறு சுற்றியபடி. குழியின் மேல் பலகை இல்லை. விளிம்புவரை புது மண்.

"குழிக்குள்ள இருக்கறது எங்கப்பாவா?" வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

பனிக்கு அப்பாலிருந்து ரைட்டரின் குரல் சாவகாசமாக வந்தது. "அன்னைக்குன்னு முதலாளி வர்றாரு. வெளக்குக் கட்டி வேடிக்கை பாக்க நேரமில்ல, எறங்குடான்னேன். எறங்குனான். மூணு நிமிசத்துல முடிஞ்சிருச்சு. தூக்க இன்னொருத்தன எறக்கி அவனையும் சாகச் சொல்றியா? உங்கம்மாகிட்டச் சொல்லித்தான் மூடுனேன். அதுக்குப் பதிலா உனக்கு ஆபீஸ்ல வேலை கேட்டா. திங்கக்கெழமை வந்துரு."

அம்மா. காலையில் அந்தக் கெஞ்சல்.

அழுகை வரவில்லை.

சரக்.

காலடியில்தான். கோழிகள் ஒன்றையொன்று நெருக்கின.

சரக். சரக்.

மண் விரிந்தது. உமி விலகியது. ஒரு கோடு. இரண்டு. மூன்றாவது பாதி ஆழம். நான்கு.

காபிப்பழத் தோல் உரிக்கும் பல்ப்பர் மெஷினில் அப்பாவுக்கு மோதிரவிரல் பாதி போயிருந்தது.

கோடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் போயின. ஒரு மூலையும் விடவில்லை. சுத்தமாக, நிதானமாக, வேலைக்குப் பயந்தவரின் கை. இத்தனைக்குப் பிறகும் ரைட்டருக்கும் முதலாளிக்குமாகவே கூட்டிக்கொண்டிருக்கிறது. அது வாசல்படியில் வந்து நின்றது. தானாகச் சாத்திக்கொண்டிருந்த கதவின் மரத்தில் நான்கு நான்காகக் கீறல்கள் இருந்தன. உள்பக்கம். மூன்று ராத்திரியின் கீறல்கள்.

அவள் கதவை அகலத் திறந்தாள். ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். பூட்டைக் காபிச் செடிகளுக்குள் எறிந்தாள்.

கிட்டங்கி வாசலில் ரைட்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அடுத்த வாசல், லைன் வீடு, அம்மாவினுடையது. பனியில் கொட்டகை தெரியவில்லை.

"பூட்டினயா கண்ணு?"

"பூட்டிட்டேனுங்க."

சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடிவாரம் போகும் பாதையில் நடந்தாள். முதுகுக்குப் பின்னால், உமியில் அல்ல, சரளைக்கல்லில் அந்தச் சத்தம். அவள் பக்கமாக வரவில்லை.