எடுக்காமல் விட்ட எடை

கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்லக்கூடாத கதை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு சக்கரத்தைப் பற்றியது.

அந்த ஆலையில் இயந்திரங்களின் அதிர்வு பார்ப்பவரைக் காதுக்காரர் என்பார்கள். ஸ்க்ரூடிரைவரின் முனையை, தண்டைத் தாங்கும் பேரிங்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். அன்று மத்தியானம், பாய்லருக்குக் காற்றூதும் ஆளுயரச் சக்கரத்தை உருளைகளின்மேல் ஏற்றி, கனத்த பக்கத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, எதிர்ப்பக்கம் எடை சேர்த்துச் சமன்செய்து முடித்திருந்தார். சமனான சக்கரம் விட்ட இடத்திலேயே நிற்கும். கை கழுவிவிட்டுத் திரும்பினார். கீழே விட்ட கோடு மேலே ஏறி நின்றது.

சமனான சக்கரம் தானாகத் திரும்புமா?

போன வருஷம் பழைய சக்கரம் உடைந்ததும் இதே கூடத்தில்தான். சமன் பார்க்கும்போது சோதனைக்காக ஓர் இரும்புத்துண்டை மாட்டி ஓடவிடுவார்கள். அதிர்வை அளந்ததும் கழற்றிவிட வேண்டும். காதுக்காரர் கழற்ற மறந்தார். ஸ்விட்சைப் போட்டது அவர் தம்பி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பொல்லாத வேகம் உண்டு, அதில் தாறுமாறாக ஆடும், சட்டென்று தாண்டிவிட வேண்டும். அன்று தாண்டுவதற்குள் சிதறி, தம்பியின் உயிரை வாங்கிவிட்டது. தம்பிக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

தம்பியின் வேலை அவன் மனைவிக்குக் கிடைத்தது. இப்போது சமன்செய்த புதுச் சக்கரத்தை நாலு மணிக்கு ஓட்ட இருந்தவள் அவள்தான்.

"என்ன மாமா, சக்கரத்தை இப்படி முறைக்கறீங்க? அது உங்களை ஏதாவது திட்டிச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ தள்ளி நில்லு."

அவள் ஜன்னல் பக்கம் போனாள். கிரீஸ் வாடைக்கும், எங்கோ கசியும் நீராவியின் சீறலுக்கும், வெயிலில் கூரைத் தகரம் படபடவென்று விரியும் சத்தத்துக்கும் நடுவே, சத்தமே இல்லாமல் அந்தக் கோடு ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அவள் கதவுப் பக்கம் வந்தாள். கோடும் வந்தது. விட்டுப் பிரிய மனமில்லாதவன் அவள் போகும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்புவதுபோல.

"ஐயோ, ஏன் மாமா அழறீங்க?"

"நாலு மணிக்கு இதை ஓட்டாதேம்மா. அன்னைக்கு அந்தத் துண்டைக் கழட்ட மறந்தது நான்தான். அவன்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"உங்கப்பனுக்கு வேலை தெரியாதுன்னு என் பொண்ணை ஒரு வருஷமாக் கேலி பண்றாங்க," என்றாள் பிறகு. "அவ உங்க மடியில படுத்துத்தான் மாமா அழுதா."

போய்விட்டாள்.

கோடு அவள் பின்னால் போகவில்லை. அவர் பக்கம் திரும்பியது. அவர் நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது. தரையில் உட்கார்ந்தார். அதுவும் இறங்கியது.

"டேய் தம்பி," என்றார்.

கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். இரும்பு சூடாக இருந்தது. உள்ளே ஏதோ நடுங்கிற்று. காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகுபோல.

கையை எடுத்தார். நடுக்கம் கையோடு வந்தது. முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு. பல்லுக்கு. பற்கள் கிட்டின. கூடத்தின் சுவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

சக்கரம் அசையாமல் நின்றது.

பொல்லாத வேகத்தில் மாட்டிய சக்கரம்போல, அவர் ஆடுவது நிற்கவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் முழுசாக வீடு வந்து சேரட்டும், கண்ணுங்களா. சொல்ல வேண்டிய சொல் எதுவும் யார் தொண்டையிலும் தங்காமல், உங்கள் வாசல் குளிர்ந்திருக்கட்டும்.