ஒரே ஒரு குண்டு

அது எந்த வருடம் என்று கேட்டால் விழிப்பேன். அன்றைக்குப் பனி பெய்ததா, முதல் நாள் பெய்தது கிடந்ததா என்பதிலும் சந்தேகம்தான். டிசம்பரின் முதல் சனிக்கிழமை... அமெரிக்காவின் அயோவாவில் மான் வேட்டைக்கு அனுமதி தொடங்கிய காலை... அது நிச்சயம்.

அந்த அலறலும் நிச்சயம்!

ஓடைக்கரை ஓக் மரங்களுக்குள்ளிருந்து வந்தது.

ஒரே தடவை. அப்புறம் நிசப்தம்.

மார்லிஸ் மரத்தோடு மரமாக நின்றாள். கையில் ஷாட்கன். குழல் இன்னும் சூடாக இருந்தது.

சற்று முன்புதான் அவள் சுட்டிருந்தாள். கொம்பு மான் தடுமாறி, நிமிர்ந்து, புதருக்குள் பாய்ந்து மறைந்தது. உடனே அலறல்!

காட்டுக்குள் இருப்பது இரண்டே பேர். கணவன் கேலன். அவனுடைய அண்ணன் ஆரின். மானை அவள் பக்கம் விரட்டி வந்தவர்கள்.

கேலன்தான் ஓடி வந்தான்.

"என்ன பண்ணித் தொலைச்சே, மார்லிஸ்?"

"யாரு... யாரு கத்தினது?"

"அண்ணன். நெஞ்சுல. போயிட்டான்."

"நான் மானைத்தானே சுட்டேன்!"

"மானைத் துளைச்சுட்டு அவன்கிட்ட போயிருக்கு. விரல் தண்டி ஈயம் அது. மானோட நின்னுடுமா?"

அவள் புதரை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆரின் மல்லாந்து கிடந்தான். அப்பா விட்டுப்போன இந்த நிலத்தை விற்கவே மாட்டேன் என்று நேற்றுவரை தம்பியோடு மல்லுக்கட்டியவன். காலையில் அவள் செய்த இலவங்கப்பட்டை ரோலில் இரண்டை விழுங்கிவிட்டு, மூன்றாவதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டவன். அது பாதி வெளியே தெரிந்தது.

"என்னை ஜெயில்ல போடுவாங்களா, கேலன்?"

"நான் இருக்கேன்ல? நீ வாயை மட்டும் மூடு."

தோளைப் பிடித்தான். அந்தக் கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அரை மணியில் வேட்டைக் கண்காணிப்பு அதிகாரி லேலண்ட் வந்தார். அவள் துப்பாக்கியை வாங்கித் தன் வண்டியில் பூட்டினார்.

"பாவம், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, லேலண்ட். விபத்து!" என்றான் கேலன்.

"யார் துப்பாக்கியில எல்லாம் குண்டு இருந்துச்சு?"

"அவளோடதுல மட்டும். எங்க ரெண்டு பேரு துப்பாக்கியும் காலி. விரட்டப் போறவன் குண்டு போடக் கூடாது. அப்பா வெச்ச சட்டம், உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். உங்கப்பா என் பையையே தடவிப் பார்த்துட்டுத்தான் காட்டுக்குள்ள விட்டாரு. நீங்க சொல்லுங்க, மார்லிஸ். எத்தனை தடவை சுட்டீங்க?"

"ஒரு தடவை. சத்தம்தான்... ரெண்டு மாதிரி..."

"எதிரொலி!" கேலன் இடைமறித்தான். "எதிர் மேட்டுல மோதித் திரும்பும். மானைத் தேடுவோம், லேலண்ட். ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். இவ வேணும்னு செய்யலைங்கறதுக்கு அதைவிட என்ன சாட்சி?"

"நல்ல யோசனை."

பனியில் ரத்தச் சொட்டுகள். கேலன் முன்னால் நடந்தான். தொண்ணூறு தப்படி. தேவதாரு மரத்தடியில் மான் இடப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. வலது தோளில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

"பார்த்தீங்களா? இப்பப் புரட்டுங்க!"

லேலண்ட் கொம்பைப் பிடித்துப் புரட்டினார்.

இடப்பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஓட்டை இல்லை!

"மு... முடிக்குள்ள மறைஞ்சிருக்கும்..."

லேலண்ட் குனிந்தார். கத்தியை எடுத்தார். தோலுக்கடியில் ஏதோ புடைத்திருந்தது. கீறினார். நசுங்கிப் பூப்போல் விரிந்த ஈயம் உள்ளங்கையில் விழுந்தது.

"நெஞ்சுக்குள்ள புகுந்து எதிர்த் தோள் எலும்புல மோதியிருக்கு. அதோட குண்டுக்கு வேகம் நின்னுபோச்சு. மார்லிஸ், நீங்க சுட்டது ஒண்ணு. அந்த ஒண்ணு இதோ!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் இல்லை... நான் கொல்லவில்லை!

அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது.

அப்படியானால்...?

திரும்பினாள்.

கேலன் ஐந்தடி தள்ளி நின்றான். துப்பாக்கி அவளையே பார்த்தது.

"கேலன்..."

"தேட வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீதானே தேடணும்னே!"

"கேலன்," லேலண்ட் மெதுவாக எழுந்தார். "குண்டே போடாத துப்பாக்கியைக் காட்டி யாரைப்பா பயமுறுத்தறே?"

கேலனின் இடது கை குழலடிப் பிடியைப் பின்னுக்கு இழுத்தது.

சளக்!

காலியான சிவப்புத் தோட்டா ஒன்று துள்ளி வந்து பனியில் விழுந்தது. அவள் சுட்ட அதே கணத்தில் அண்ணனைத் தின்ற தோட்டா!

மார்லிஸ் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

டக்.

வெடிக்கவில்லை. ஒரே ஒரு குண்டுதான் போட்டு வந்திருந்தான். பதற்றத்தில் அது அவனுக்கே மறந்துவிட்டது. மறுபடி இழுப்பதற்குள் லேலண்ட் அவனைப் பனியில் சாய்த்து முட்டியால் அழுத்தினார்.

ஆரினை அப்பாவின் பக்கத்தில் புதைத்தார்கள். கேலனுக்கு ஆயுள் தண்டனை. நிலம் விற்கப்படவில்லை, மார்லிஸ்தான் பார்த்துக்கொள்கிறாள், துப்பாக்கியை மட்டும் தொடுவதில்லை. லேலண்ட் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றார்.

மான், வழக்கு முடியும்வரை மாவட்டப் போலீசின் உறைபெட்டியில் கிடந்தது. மொத்த விசாரணையில் ஒரு வார்த்தைகூட மாற்றிப் பேசாத சாட்சி அது ஒன்றுதான்!