காப்பு கட்டிய பிறகு

குழாயை இறுக்கி மூடியும் சொட்டுச் சத்தம் நிற்கவில்லை. புகழ்வேந்தன் குளியலறையில் நின்று காது கொடுத்துக் கேட்டான். வாசல் பந்தலில் ஸ்பீக்கர் அலறியது, சமையல் கொட்டகையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனையும் ஈர விறகின் புகையும் ஜன்னல் வழியாக இறங்கின, அத்தனைக்கும் அடியில் அந்தச் சத்தம் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், சொட், சொட் என்றது. வாளியைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்து கிடந்தது.

விடிந்தால் தேவியோடு கல்யாணம். பாகூரே திரண்டு வாழ்த்தப்போகிறது. மாப்பிள்ளையோ கால்மணிக்கொரு தரம் இங்கே ஓடி வருகிறான். மிளகாயை அரைத்துத் தடவியதுபோல் எரியும், ஆனால் மூத்திரம் துளித்துளியாகத்தான் போகும். இரண்டு வருடமாக மூக்கில் உறிஞ்சிய போதைப் பவுடர் மூத்திரப்பையைப் புண்ணாக்கிச் சுருக்கிவிட்டது என்று டவுன் டாக்டர் சொல்லியிருந்தார். ஆண்மையும் கூடவே போய்விட்டதை அவர் சொல்லத் தேவையில்லை. நாளை ராத்திரி தேவியிடம் என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தான்.

மதியம் ரத்தம் வந்ததும் பயந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிடுகிறேன் என்று அம்மா அமுதத்திடம் கெஞ்சினான். எதற்கு என்றாள். வயிற்றுவலி என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

"காப்பு கட்டியாச்சிடா. தாலி கட்ற வரைக்கும் வூட்ட வுட்டு எங்கயும் போவக்கூடாது. இன்னா வலியா இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாம்."

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இறுகிக் கிடந்தது.

கதவைத் தட்டினார்கள். நலங்குக்கு நேரமாகிறதாம். அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது. சோப்பு டப்பாவில் கடைசிப் பொட்டலம் இருந்தது. புண்ணாக்கியதும் அதுதான், அந்தப் புண்ணை மரக்கச் செய்வதும் அதுதான். உறிஞ்சினான்.

வலி போனது. கால்கள் போயின. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சந்தனம். பன்னீர். கன்னத்தில் சில்லென்று மஞ்சள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

சொட்.

இங்கேயுமா?

சொட். சொட்.

பாட்டு நின்றது. அமுதம் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தாள்.

"ஆரத்திய அதுக்குள்ள யாரு கொட்னது?"

எல்லோரும் அத்தை செல்வகுமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் ஆரத்தித் தட்டு இருந்தது. சிவப்பாக, விளிம்புவரை, ஒரு துளி சிந்தாமல்.

சொட்டுச் சத்தம் நிற்கவில்லை.