புதன்கிழமைத் திருடன்

"எங்க தெருவுல திருட்டு தலைவிரிச்சு ஆடுதுங்க. திருடன் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தாப் போதும்" என்றார் சங்கத் தலைவர், உட்காருவதற்கு முன்பே. ஜவுளி மொத்த வியாபாரி அவர். வாரத்தில் பாதி நாள் வெளியூர், மீதி நாள் குடியிருப்போர் சங்கம் என்று ஓடுகிற மனிதர்.

அத்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்த் திருட்டுகளையும் பொய்த் தீ விபத்துகளையும் கண்டுபிடித்தே ஓய்வுபெற்றவர். பக்கத்தில், அவரை அத்தான் என்று கூப்பிடும் மைத்துனர். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அத்தானுக்கு ஒரு வழக்கு வந்தால் போதும், கடைக்கு ஷட்டர் விழுந்துவிடும்.

"யாரு?" என்றார் மைத்துனர், நாற்காலியின் நுனிக்கு வந்து.

"தெருக் காவலாளிதான். 'திருட்டே இல்லாத தெருவுக்கு எதுக்குக் காவலாளி, நிறுத்திடலாம்'னு கூட்டத்துல நான்தான் பேசினேன். அடுத்த புதன்கிழமையே ஆரம்பிச்சிடுச்சு. சாயங்காலத்துலேர்ந்து விடியற வரைக்கும் அவன் காவல், புதன் மட்டும் லீவு. யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு லீவு நாள்ல வந்து கைவரிசையைக் காட்டுறான். இன்னிக்குச் சாயங்காலக் கூட்டத்துல வேலையை விட்டுத் தூக்கிட்டு, போலீஸ்ல ஒப்படைக்கப் போறோம்."

போன பொருள்களைக் கேட்டபோது மைத்துனருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாத்தியார் வீட்டு வாசலில் மிதியடி. மூலை வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வை. இன்னொரு வீட்டு முன்வாசல் பல்பு. கடைசியாகத் தலைவர் வீட்டுக் குடை.

"எல்லாம் எந்த நேரத்துல?" என்று கேட்டார் அத்தான்.

"சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. எல்லாரும் டிவி முன்னாடி இருப்பாங்களே, அப்போ."

தெருவுக்குப் போனார்கள். வாத்தியார் அன்று பார்த்ததை நடித்தே காட்டினார். "மிதியடி மேல தாறுமாறாக் கிடந்த செருப்பையெல்லாம் எடுத்து, ஜோடி சேர்த்து, வெளியே பார்த்து அடுக்கி வச்சுட்டுப் போயிருக்கான். என் பையன்கூட அப்படி வைக்க மாட்டான்!"

மூலை வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். போர்வை போனதே தவிர, அதே கொடியில் கிடந்த குழந்தைத் துணிகளை யாரும் தொடவில்லை. போர்வையில் மாட்டியிருந்த கிளிப்புகள்கூடக் கொடியிலேயே வரிசையாக இருந்தனவாம்.

கடைசியாகத் தலைவர் வீடு. தலைவரின் மனைவி தாழ்ப்பாள், பூட்டு, சங்கிலி என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கதவைத் திறந்தார். அவர் கண்ணில் தூக்கமே இல்லாத களைப்பு. உள்ளே பின்கதவுக்கு ஒரு நாற்காலி முட்டுக் கொடுத்திருந்தது. வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக வெளியே பார்த்து நின்றன. மைத்துனர் தன் செருப்பையும் அவசரமாக நேராக்கிவிட்டு நுழைந்தார்.

"குடை எங்க இருந்துச்சு?" என்றார் அத்தான்.

தலைவர் கூடத்துச் சுவரில் இருந்த ஆணியைக் காட்டினார். "இங்கதான். நான் அன்னிக்கு ஊர்ல இல்ல. ஆனா இவ பகல்லயே கதவைத் திறந்து வைக்க மாட்டா. எப்படித்தான் நுழைஞ்சானோ!"

காவலாளியையும் அங்கேயே வரச் சொன்னார்கள். தொப்பியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார் அவர். இந்த வயதில் திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் வேறு எந்தத் தெருவும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"தலைவர் சொன்னதுல பாதி சரி" என்று ஆரம்பித்தார் அத்தான். "காவலாளி இல்லாத நாள்ல மட்டும் திருட்டு. அவர் இல்லேன்னா என்ன ஆகும் பாருங்கன்னு காட்டுற திருட்டு. அவர் வேலையில நீடிக்கணும்னு நினைக்கிறவங்க செஞ்சது."

"அப்போ இவர்தான்!" என்று மைத்துனர் எழுந்தே விட்டார்.

"உட்காரு மாப்பிள்ளை. ராத்திரியெல்லாம் தெருவைச் சுத்துறவருக்கு இருட்டு பழகின விஷயம். இந்தத் திருட்டுல ஒண்ணுகூட இருட்டினப்புறம் நடக்கல. இது இருட்டுக்குப் பயப்படுற ஆள். செருப்பை அடுக்கி வைக்காமப் போக மனசு வராத ஆள். பச்சைக் குழந்தைக்கு மாத்துத் துணி வேணுமேன்னு நினைக்கிற ஆள்."

மைத்துனரின் பார்வை வாசல் செருப்புகளுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

"மத்த வீடுகள்ல திருடன் வாசப்படியைத் தாண்டவே இல்ல. போனதெல்லாம் வெளியில கிடந்த சாமான். இந்த ஒரு வீட்டுல மட்டும், சங்கிலி போட்ட கதவுக்குள்ள, கூடத்து ஆணியில இருந்து குடை போயிருக்கு. திருடன் உள்ளே நுழைஞ்சிருக்கான்னு நீங்க நினைச்சீங்க. நுழையவே வேண்டாத ஆளுக்கு அது கஷ்டமே இல்ல."

தலைவரின் முகம் வெளிறியது. அவர் மனைவி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மிதியடி, மடித்த போர்வை, துணியில் சுற்றிய பல்பு, குடை எல்லாம் இருந்தன. மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"நம்ம வீட்டுலயும் ஏதாவது போனாத்தான் நீங்க நம்புவீங்கன்னு நினைச்சேன்" என்றார் கணவரிடம். "வாரத்துல பாதி நாள் நான் தனியா இருக்கேன். அவரோட விசில் சத்தம் வாசலைத் தாண்டிப் போனாத்தான் எனக்குக் கண்ணு மூடும். அவரை நிறுத்திட்டா நான் என்ன செய்வேன்?" பிறகு காவலாளியின் பக்கம் திரும்பினார். "பழி உங்க மேலேயே விழும்னு எனக்குத் தோணவே இல்லண்ணே. மன்னிச்சிடுங்க."

காவலாளி பதறிப்போனார். "அய்யோ, என்னம்மா நீங்க..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை, அவமானம் இருந்தது.

"சொன்னேன். சங்கத்துல பேசிக்கலாம்னு சொன்னீங்க."

தலைவர் வெகுநேரம் அந்த நாற்காலியைப் பார்த்தார், பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை. இத்தனை நாளும் அது எதற்கு அங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. மைத்துனருக்கு முதல்முறையாக ஒரு வழக்கு முடிந்ததில் சந்தோஷம் வரவில்லை. அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தலைவர் எழுந்தார். மிதியடியை அக்குளில் இடுக்கி, போர்வையைத் தோளில் போட்டு, பல்பைச் சட்டைப் பைக்குள் வைத்தார். குடையைத் தானே ஆணியில் மாட்டினார்.

"கூட்டத்துக்கு நேரமாச்சே, இதெல்லாம் எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டார் மைத்துனர்.

"திருப்பிக் கொடுத்துட்டுப் போறேன். எங்க வீட்டுல இருந்ததுன்னு நானே சொல்லிக்கிறேன்" என்ற தலைவர், வாசலில் நின்று காவலாளியைப் பார்த்தார். "நீங்க வேலையைப் பாருங்க. இனிமே உங்க லீவு நாள்ல, புதன்கிழமை, நான் ஊர்லயே இருந்துக்கிறேன்."