எழுபத்தொன்பதாவது சீட்டு

எழுபத்தெட்டு வர வேண்டும். எழுபத்தொன்பது வந்தது.

மைத்ரேயி எண்ணிக்கையில் தவறுகிறவள் இல்லை. இடது கையால் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே, வலது கைக் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஓட்டுவாள். விரலுக்கு மூன்று கணு, சுற்றுக்குப் பன்னிரண்டு. ஆறு சுற்றும் ஆறு கணுவும் ஆனால், குறி பார்க்கும் டாரட் சீட்டுக் கட்டு ஒன்று சரி. மெஷின் தப்பினாலும் உன் விரல் தப்பாது என்று கணவன் பிரஹலாத் கேலி செய்வான்.

ஐப்பசி மழையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலை மதியம் மூன்று மணிக்கே இருட்டிக் கிடந்தது. மாடி வீட்டின் ஹால் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவள் வரைந்த இரண்டாவது டாரட், இருநூறு கட்டுகள், காலையில்தான் அச்சகத்திலிருந்து வந்து இறங்கியிருந்தன. எழுபத்தெட்டுப் படங்களும் அவள் வலது கை போட்டவை. அந்தக் கையின் நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு உண்டு, மோதிர விரலில் ஒரு நெளி மோதிரம் உண்டு. பாத்திரம் தேய்க்கக்கூட அந்தக் கையை அவள் விடமாட்டாள். அது போனால் தான் ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கட்டின் அடியில் இருந்த அந்த ஒரு சீட்டை அவள் வரையவில்லை. வெள்ளையில் கறுப்புக் கோடாக ஒரு வலது கை, விரித்தபடி. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. நடுவே மூன்று விரல் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. புது மையின் வாசனைக்கு அடியிலிருந்து மெல்ல டெட்டால் நாற்றம் எழுந்து வந்தது. சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் சிறிய எழுத்தில் ஒரு கேள்வி: ‘எங்க பிரிண்ட் பண்றீங்க அக்கா?’

அதைக் கேட்டவள் யமுனா. கே.கே. நகர்ப் பெண், தன் முதல் டாரட்டை வரைந்து முடித்த கையோடு போன வருஷம் இதே ஹாலில் உட்கார்ந்து கேட்டாள். சொந்தமாக டாரட் வரைந்து விற்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில், அச்சடிக்கும் இடத்தை அடுத்தவருக்குச் சொல்லலாமா கூடாதா என்று வாரம் ஒரு சண்டை நடக்கும். சொன்னால்தான் நாலு பேர் முன்னுக்கு வருவார்கள் என்பாள் உறையூர் சாரா பீவி. மைத்ரேயிக்கோ அது வயிற்றெரிச்சல். இரண்டு வருஷம் ஊர் ஊராக அலைந்து, பாழாய்ப்போன மாதிரிகளுக்காக அழுது, சிவகாசிப் பக்கம் வீரமலையின் அச்சகத்தைக் கண்டுபிடித்தவள் அவள். நான் அலைந்தேன், இவள் நோகாமல் வாங்கிக்கொண்டு போவாளா?

சொல்ல மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அதற்காக யாரும் அவளைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மகராசிக்கு நல்லவள் என்ற பெயரும் வேண்டியிருந்தது. பாலக்கரைப் பக்கம் சந்துக்குள் இருந்த ஒரு அச்சகத்தைக் கை காட்டினாள். அங்கே தாள் வெட்டும் மெஷினில் பாதுகாப்புக் கம்பி கழன்று தொங்குவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவளே அவள்தான்.

“நானும் அங்கதான்மா பண்றேன்” என்றாள். “வெட்டும்போது மட்டும் நீயே பக்கத்துல நின்னு பார்த்துக்கோ.”

யமுனா நின்றாள். நழுவிய தாளைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். மூன்று விரல்.

மருத்துவமனைக்கு மைத்ரேயி தன் டாரட் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள், ஆறுதலுக்காம். டெட்டால் நாற்றத்தில் படுத்திருந்த யமுனா, இடது கைக் கட்டைவிரலால் சீட்டின் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“இது அந்தக் கத்தி வெட்டினது இல்லையே அக்கா. மூலை இவ்வளவு வழவழன்னு அங்க வராதே.”

“ரெஸ்ட் எடுத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டு மைத்ரேயி கிளம்பி வந்தாள். புண்ணில் சீழ் வைத்து, விஷம் இரத்தத்தில் ஏறி, ஒன்பதாம் நாள் யமுனா போய்விட்டாள்.

சாரா பீவியின் வேலையாக இருக்கும் என்று மைத்ரேயி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது கட்டைப் பிரித்து எண்ணினாள். எழுபத்தொன்பது. அதே கைதான், ஆனால் இப்போது ஆள்காட்டி விரல் முளைத்திருந்தது.

டக்.

உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். மாதிரிச் சீட்டுகளின் மூலையை வளைத்து வெட்ட அவள் வைத்திருக்கும் சின்னக் கருவியின் சத்தம் அது, ஆயிரம் தடவை கேட்டது. எட்டிப் பார்த்தாள். கருவி அலமாரிக்குள் இருந்தது, அலமாரி பூட்டியிருந்தது. ஜன்னலில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது, தெருவில் ஒரு ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது, வேறு ஒன்றும் இல்லை.

பிரஹலாதைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்து ஆள்காட்டி விரலை வைத்தாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். விரல்ரேகை பொருந்தவில்லை என்றது போன். அப்போதுதான் அந்த விரல் மரத்துப்போயிருப்பது அவளுக்கு உறைத்தது. கிள்ளிப் பார்த்தாள். யாருடைய விரலையோ கிள்ளுவது போல இருந்தது.

இடது கையால் எண்ணை அழுத்திப் போனைத் திறந்தாள். “பிரஹலாத், சீக்கிரம் ஆத்துக்கு வாயேன்.”

“ஆபீஸ்ல ஆடிட் நடக்கறதுடி. ஆறு மணி ஆகும். என்ன ஆச்சு?”

என்ன ஆச்சு என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். “ஒண்ணுமில்லை” என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது கட்டைப் பிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். பிரித்தாள். கடைசிச் சீட்டில் நான்கு விரல்கள் இருந்தன. புதிதாக வந்த நடுவிரலில், முதல் கணுவுக்குப் பக்கத்தில், ஒரு காய்ப்பு.

டக்.

இந்தத் தடவை சத்தம் ஹாலுக்குள்ளேயே கேட்டது. நடுவிரல் ஜில்லென்று ஆகி, பிறகு எதுவும் இல்லாமல் போனது. அவள் வீரமலைக்குப் போன் போட்டாள்.

“ஆமா மேடம், போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு” என்றார் அவர். “தொப்பலா நனைஞ்சு, வலது கையைத் துப்பட்டால சுத்திக்கிட்டு. ஸ்ரீரங்கம் மேடம்தான் அனுப்பினாங்கன்னு சொல்லுச்சு. ஒரு தாளுக்கு எண்பது இடம், உங்களுது போக ரெண்டு காலியாத்தானே இருக்கு, ஒண்ணுல இந்தக் கையைப் போட்டுடுங்கன்னுச்சு.”

“உங்க இடம் அதுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே மேடம் சொல்லியிருப்பீங்க?”

“அந்தப் படத்துல எத்தனை விரல்?”

“ரெண்டுதான். இருநூறுலயும் ஒரே பிளேட்டுதானே மேடம்?”

நான்கு விரல் சீட்டு மேசை மேல் கிடந்தது.

சொல்லித் தொலைத்துவிடலாம். கேட்டதைக் கொடுத்துவிட்டால் போய்விடும். குழுவைத் திறந்து, வீரமலையின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் இடது கையாலேயே தட்டித் தட்டி அனுப்பினாள். பாலக்கரையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த நேரத்திலும் அவளுக்குத் தன் பேர்தான் பெரிது.

இதயங்களும் கும்பிடும் கைகளும் வந்து குவிந்தன. ‘இதை அப்பவே யமுனாவுக்குச் சொல்லியிருக்கலாமே மைத்ரேயி’ என்று சாரா பீவி எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வரி அசைந்தது. யமுனா டைப் செய்கிறார். அவள் நம்பரைக் குழுவிலிருந்து யாரும் எடுத்திருக்கவில்லை.

‘தெரியும் அக்கா. போயிட்டு வந்துட்டேன்.’

டெட்டால் நாற்றம் மூக்கை எரித்தது. மேசையில் நான்காவது கட்டு இருந்தது. அதை அவள் எடுத்து வைக்கவில்லை. உறை கிழிந்திருந்தது. மேலாக ஒரே ஒரு சீட்டு, முகம் தெரிய.

முழுக் கை. ஐந்து விரல். மோதிர விரலில் நெளி மோதிரம்.

டக்.

மேசைக்கு அடியில் ஏதோ உருண்டது. உலோகம். தரையில் ஓடியது. சுவரில் முட்டியது. சுழன்று அடங்கியது.

வலிக்கவில்லை. ஈரம் இல்லை. குனிந்து பார்க்கத் துணிவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். எண்ணினாள்.

கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைத் தேடிப் போனது. வழவழப்பு. வளைத்து வெட்டிய மூலை. நடுவிரல். வழவழப்பு. மோதிர விரல். வழவழப்பு. பிசிறே இல்லை.

சுண்டுவிரல் மட்டும் இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

சுற்று முடிந்துவிட்டது.

அவள் முதுகுக்குப் பின்னால், பெட்டிகளின் பக்கம், சீட்டுகள் ஒவ்வொன்றாகத் தள்ளப்படும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல், எண்ணிக்கொண்டிருந்தது.

“பத்து. பதினொண்ணு. பன்னிரண்டு.”