நிலாத்தட்டில் நின்றது

"பொம்பளைக்கு அம்பத்தி நாலு வயசு. தரையில சப்பணம் போட்டு உக்காந்து நிலா கட்டிட்டிருக்கா. வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க," என்றான் தோர்கில்.

"நீ சொல்லித்தான் தெருவுக்குத் தெரியணுமா? மெதுவாப் பேசு. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கு," என்றாள் வீபெகெ.

திறந்துதான் இருந்தது. அக்டோபர் குளிரில் ஜன்னலைத் திறந்து வைப்பவர்களுக்கு எங்கள் தெருவில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

"திங்கக்கிழமை வீட்டைப் பாக்கத் தரகர் அம்மா வர்றாங்க. அதுக்குள்ள இந்த நிலாவ மூட்டை கட்டு."

"நான் குடியிருக்கிற வீடு. நான் காலி பண்ணினாத்தான விப்ப?"

"வீட்டுல பாதி என்னுது, வீபெ."

"குளியலறைய எடுத்துக்கோ. பாதிக்கு அதிகமாவே உன் அழுக்குதான் அங்க கிடக்கு."

அண்ணன் தங்கைச் சண்டை எங்களுக்குப் புதிதல்ல. அப்பா செத்த நாளிலிருந்து மாதம் ஒருமுறை, காபியும் இனிப்பு ரொட்டியும் வைத்துக்கொண்டு நடக்கும். அன்று புதிதாக இருந்தது அடுத்த கேள்விதான். தோர்கில் கதவருகே குனிந்து தரையைப் பார்த்தான்.

"இங்க என்ன பண்ணின? மரம் வெளுத்திருக்கு."

நாற்பது வருட வெயிலைக் குடித்துத் தேன் நிறமாகிவிட்ட பைன் மரத் தரை அது. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெளிர் தடங்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் காலணி அளவு, ஆனால் சதுரமாக. கனமான அலமாரியைப் பல வருடம் நிறுத்தி வைத்து, இன்று காலைதான் நகர்த்தியதுபோல மரம் புதிதாக இருந்தது.

அந்த இடத்தில் அலமாரி எதுவும் இருந்ததில்லை. அது நடைவழி.

"ஏதோ கறை," என்றாள் வீபெகெ. நேற்று அந்தத் தடங்கள் காபி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தன என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால், தங்கைக்குத் தனியாக இருந்து மூளை கலங்கிவிட்டது என்று வீட்டை விற்க அண்ணன் சந்தோஷமாகக் கையெழுத்து வாங்கிவிடுவான்.

இந்த நிலாவின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். டென்மார்க்கின் யூட்லண்டில் எங்கள் ஊரிலிருந்து அரைமணி தூரத்தில் இருக்கிறது, குமிழில் அழுத்தி ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள் செய்யும் தொழிற்சாலை. தெருவில் பாதிப் பேர் அங்கே வேலை பார்த்தவர்கள், வீபெகெயின் அப்பா உட்பட. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் தோர்கிலுக்கு விண்வெளிப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ராக்கெட், சதுரப் பாதமும் கொக்கிக் கையுமாகச் சிவப்பு உடை வீரர்கள், நிலாவின் குழிகள் புடைத்து நிற்கும் சாம்பல் நிற அடித்தட்டு. வீபெகெக்குச் சமையலறை சாமான் செட். தோர்கில் ஒரே வாரத்தில் தட்டின்மேல் ஏறி மிதித்து உடைத்தான். அவள் இன்றுவரை மறக்கவில்லை. தபால் வேலையை விட்ட பிறகு, அந்தக் காலத்து நிலாத்தட்டுகளாகத் தேடி வாங்கினாள். முன்னறையில் பாய் விரித்தாற்போலப் பதினொன்று சேர்ந்துவிட்டன. நடுவில் மட்டும் ஒரு தட்டுக்கு இடம் காலி.

அதை ஆகஸ்டில் விளையாட்டுக்கூடத்துப் பழம்பொருள் சந்தையில் பிடித்தாள். விற்றவள், யாரும் குடியிருக்காத வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்றாள். "ஜன்னல் ஓரத்துல இருந்துச்சு. முப்பது வருஷமா யாரும் தொடல. எடுத்துட்டுப் போனாச் சரி." கொடுத்த கை சட்டென்று பின்வாங்கியதை வீபெகெ கவனித்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய தட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிப்பார்கள். வெயில் பட்ட சாம்பல் பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகிவிடும். மேலே கட்டடம் நின்ற இடம் மட்டும் பழுக்காமல் தப்பும். எந்தச் சுவர், எந்த ஏணி எங்கே நின்றது என்று அந்த நிழலை வைத்தே சொல்லிவிடலாம். இந்தத் தட்டில் சுவர் நின்ற நிழல் இல்லை, ஏணி இல்லை. பெரிய குழியின் விளிம்பில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, இரண்டே இரண்டு சின்னச் சதுரங்கள். ஒரே ஒரு பொம்மை. முப்பது வருடம் தனியாக அங்கேயே நின்றிருக்கிறது. பொம்மையைக் காணவில்லை.

இங்கேதான் வீபெகெ, சேகரிப்பவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தாள். முடிதிருத்தும் கடையிலிருந்து கேசம் வெளுக்கும் களிம்பு வாங்கி, தட்டு முழுக்கப் பூசி, மெல்லிய உறை சுற்றி, தோட்டத்து வெயிலில் வைத்தாள். மற்ற பதினொன்றோடு நிறம் ஒத்துப்போக வேண்டுமே. மாலையில் கழுவியபோது மஞ்சள் போயிருந்தது. தட்டு புத்தம் புதிய நிலா. அந்த இரண்டு சதுரங்களும் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை.

"அவ்வளவு மோசமில்ல," என்றாள் தனக்குத்தானே. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

முதல் சத்தம் செப்டம்பரில் கேட்டது. அவள் சமையலறையில் ஈரல் பசையை ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் டக் என்றது. பிறகு இன்னொரு டக். கட்டை, தட்டின் குமிழ்களில் அழுந்திப் பிடிக்கும் சத்தம். இந்த ஊர்ப் பிள்ளை தூக்கத்திலும் அதை வேறு எதுவாகவும் எண்ணாது. போய்ப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. களிம்பின் காரமான வாசனை மட்டும் மூக்கைச் சுட்டது. வெளுத்த தட்டுக்குப் பக்கத்தில், லேசாகப் பழுத்திருந்த வேறொரு தட்டில், முந்தின நாள் இல்லாத இரண்டு வெளிர் சதுரங்கள் இருந்தன.

முப்பது வருடம் நின்றால் விழும் தடம். அரை நாளில் விழுந்திருந்தது.

பிறகு நிலாவின் ஓரத்தில். பிறகு காபி மேசையின் பலகையில், கட்டைவிரல் அகலத்துக்கு. பிறகு தரையில். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக. அவள் புரிந்துகொண்டாள். அதற்கு உலகத்தில் நிற்க ஒரே ஓர் இடம் இருந்தது. அதைத் துடைத்து எடுத்தவள் அவள். ஒரு சிவப்பு வீரனைக் கொண்டுவந்து, பழைய இடத்தை உத்தேசமாகப் பார்த்து, குழி விளிம்பில் அழுத்தி நிறுத்தினாள். மறுநாள் அவன் குப்புறக் கிடந்தான். காலை ஒடிக்காமல் யாரோ பிடுங்கி, ஓரமாகக் கிடத்தியிருந்தார்கள்.

இத்தனையும் தோர்கிலுக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை அவன் இனிப்பு ரொட்டியின் கடைசித் துண்டையும் தின்றுவிட்டுக் கிளம்பினான்.

"ஒரு ராத்திரி என் வீட்டுல வந்து படு. நிதானமா யோசி."

"ஒரு ராத்திரி போனா, நீ மறுநாள் பூட்டை மாத்துவ."

அவன் மறுக்கவில்லை. அதுதான் தோர்கிலிடம் உள்ள ஒரே நேர்மை.

ஞாயிறு. குளிர்காலம் வருகிறதென்று நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள் அது. காபி ஆறுவதற்குள் இருட்டிவிடும். வீபெகெ ஜன்னலில் மெழுகுவத்திகளை ஏற்றினாள். புதுத் தடங்கள் படுக்கையறையில் இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் தலையணைக்கு நேராக. குழந்தைக் கால் இல்லை இப்போது. ஆறேழு வயதுப் பிள்ளையின் கால் அளவு. அது அங்கே நின்று அவள் தூங்குவதைப் பார்த்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்று மரத்தைக் கேட்டால், முப்பது வருடம் என்று சொல்லும்.

வெளிக்கதவின் சாவி ஆணியில் தொங்கியது. கோட்டு மாட்டியிருந்தது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. தட்டியிருந்தால் காபி கொடுத்திருப்போம், முழுக் கதையையும் கறந்துமிருப்போம். அவள் சாவியைத் தொட்டாள். குழாயில் தண்ணீர் ஓடும் இரைச்சல், பக்கத்துத் தோட்டத்தில் கொடிக்கம்பத்துக் கயிறு காற்றில் மோதும் ஒலி, உருகும் மெழுகின் வாசனை, அதற்கு அடியில் மெதுவாக, எங்கிருந்தோ ஊறி ஊறி ஏறிவரும் களிம்பின் காரம். அப்பா சமையலறை சாமான் செட்டை அவள் கையில் வைத்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றும் அவள் வாயைத் திறக்கவில்லை.

சாவியை ஆணியிலேயே விட்டாள். செருப்பைக் கழற்றினாள். முன்னறை நடுவில், காலுறையோடு, கால்களை அகட்டி நின்றாள்.

"கூடப் பிறந்தவனாலேயே என்னை இங்கிருந்து கிளப்ப முடியல," என்றாள் இருட்டைப் பார்த்து. "நீ யாரு?"

படுக்கையறையில் டக்.

மரத்தில் குமிழ் கிடையாது. ஆனாலும் டக்.

"உன் இடத்த அழிச்சது நான்தான். தப்புதான். அதுக்காக என் இடத்தக் கேக்காத."

நடைவழியில் டக். டக். மெழுகுவத்திச் சுடர் அசையவே இல்லை. அதுதான் மோசம். காற்று வந்திருந்தால் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதவருகே டக்.

வாசனை கண்ணை எரித்தது. அவள் கண்ணை மூடவில்லை.

"நான் நகர மாட்டேன்."

டக்.

நேர் எதிரே. ஒன்றும் இல்லை. வெறும் தரை. அந்தத் தரை அவள் கண்முன்னே வெளுத்தது, பாலில் நனைத்த ரொட்டிபோல. இரண்டு சதுரங்கள். நுனிகள் அவளை நோக்கி.

அவள் மூச்சைப் பிடித்தாள். நகரவில்லை.

முதலில் வலது பாதத்தின்மேல். கனம். சில்லென்று, தட்டையாக, விளிம்பு கூர்மையாக. பிறகு இடது பாதத்தின்மேல்.

டக்.

டக்.

திங்கள் காலை தரகர் அம்மாவை அழைத்துக்கொண்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் தோர்கில் உள்ளே வந்தான். தங்கை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மெழுகு வழிந்து உறைந்திருந்தது.

"கூத்து போதும், வீபெ. வா வெளிய." முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

"விடு. ரெண்டு பேரை ஒண்ணா இழுக்க உனக்குத் தெம்பு பத்தாது."

அவன் மறுபடி இழுத்தான். அவள் அசையவில்லை. இழுத்ததில் அவள் பாரம் எவ்வளவு இருக்கும் என்று அவன் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து அவள் கால்களைப் பார்த்தான். காலுறை இரண்டும் பாதத்தின்மேல் சதுரமாக அழுந்திக் கிடந்தன. அவன் கையை விட்டான். தரகர் அம்மா அதற்கு முன்பே காருக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே தன் பாதியைத் தங்கை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வசந்தத்தில் ஸ்பெயினுக்குக் குடிபோனான் தோர்கில். அங்கே பல் மருத்துவரின் விதவை ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குத் தங்கையைக் கூப்பிடவில்லை. தரகர் அம்மா தொழிலை விட்டுவிட்டு ரொட்டிக்கடைக்காரரின் தம்பியை மணந்து பக்கத்து ஊரில் இருக்கிறாள். எங்கள் தெரு வழியாகக் கார் ஓட்ட மாட்டாள். நாங்களும் இப்போது ஜன்னலை மூடித்தான் வைக்கிறோம்.

வீபெகெ அதே வீட்டில் இருக்கிறாள். நிலாவும் இருக்கிறது. வெயில் காலத்தில் அரைக்கால் சட்டையோடு தோட்டத்தில் களை பிடுங்குவாள். உடம்பு நன்றாகப் பழுப்பேறும். முதல் கோடையில் இரண்டு பாதங்களின்மேலும் வெளிர் சதுரங்கள் இருந்தன. முழங்காலைச் சுற்றி, பிள்ளை கட்டிக்கொண்டதுபோல, ஒரு வெளிர் பட்டை. விசாரித்தோம். "என் வீடு. நான் ஜெயிச்சேன்," என்றாள், அவ்வளவுதான். அடுத்த கோடையில் பட்டை தொடைக்கு ஏறியிருந்தது.

இந்த ஜூனில் வேலியோரம் நின்று பார்த்தோம். பாதங்கள் இரண்டும் முழுக்கப் பழுப்பு. ஒரு தடமும் இல்லை. சரி, போய்விட்டது என்று நினைத்தோம். அவள் எதையோ மார்போடு தூக்கிச் சுமப்பவள்போல முதுகைப் பின்னுக்கு வளைத்து, மெல்லத் திரும்பினாள். பின்கழுத்தில், பழுத்த தோலின்மேல், விரல்களே இல்லாத இரண்டு கைகள். கொக்கிபோல வளைந்து, ஒன்றோடொன்று கோத்து, வெள்ளை வெளேரென்று.